ஐசயா சிம்மன்ஸ்: எல்லா இடத்திலும் ஆடியவருக்கு என்.எஃப்.எல்லில் ஓர் இடம் அமையவில்லை

என்.எஃப்.எல். என்பது அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக், அதன் அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து எடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட். 2020 ஏப்ரல் 23 இரவு அந்த டிராஃப்ட்டில் எட்டாவது ஆளாக ஐசயா சிம்மன்ஸை அரிசோனா கார்டினல்ஸ் எடுத்தபோது, அன்றைக்கு அதிர்ஷ்டம் அடித்தது அவர்களுக்குத்தான் என்று பலரும் பேசினார்கள். இன்னும் முன்னாலேயே போயிருக்க வேண்டிய பையன், எட்டு வரைக்கும் நழுவி வந்துவிட்டான் என்பது பேச்சு. 2023 ஆகஸ்ட் 24 அன்று அதே அணி அவரை நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டிராஃப்ட்டின் ஏழாம் சுற்றில் ஒரே ஒருவரை எடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. டிராஃப்ட்டில் ஏழாவதுதான் கடைசிச் சுற்று. இடைப்பட்ட மூன்று சீசன்களில் அவருக்குப் பெரிய காயம் இல்லை, நடத்தைப் புகார் இல்லை, அரிசோனா ஆடிய அத்தனை ஆட்டங்களிலும் இறங்கினார். அப்புறம் எப்படி இப்படி ஆனது?

"கல்லூரியில் ஜொலித்தார், பெரிய மேடையில் எடுபடவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமே இல்லை என்று நினைக்கிறேன். அவருடைய குறைகளும் இதில் இருக்கின்றன, வருகிறேன். ஆனால் பெரும் பங்கு, பல இடங்களில் ஆடத் தெரிந்த ஒருவரைக் கையில் வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்றே முடிவு செய்யாமல் இருந்த அணியுடையது.

அமெரிக்கன் ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காகக் களத்தை ஒரு முறை பார்த்துவிடலாம். தடுப்பு அணியில் 11 பேர். முன்வரிசையில் நிற்பவர்கள் எதிரணியின் கனமான ஆட்களோடு நேருக்கு நேர் மோதுவார்கள், அந்த வரிசையின் ஓரத்திலிருந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை விரட்டுபவர் எட்ஜ். அவர்களுக்கு ஓரிரு எட்டு பின்னால் நடுவில் நிற்பவர் லைன்பேக்கர், ஓட்டத்தை நிறுத்துவது முதல் பாஸைத் தடுப்பது வரை அவர் தலையில்தான் விழும். ஓரங்களில் கார்னர்பேக், கடைசிக் காவலாக ஆழத்தில் சேஃப்டி, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே நின்று பாஸ் வாங்கும் ரிசீவரைப் பிடிப்பவர் நிக்கல் அல்லது ஸ்லாட். ஒவ்வொன்றுக்கும் உடம்பு வேறு, பார்வை வேறு. எதைப் பார்த்து முதல் அடி வைக்க வேண்டும் என்பதே இடத்துக்கு இடம் மாறும்.

கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் சிம்மன்ஸ் இவை எல்லாவற்றையும் செய்தார். கன்சாஸ் மாநிலத்தின் ஒலாத்தேயில் வளர்ந்தவர், 2016-ல் சேஃப்டியாகக் கல்லூரிக்கு வந்தார், முதல் வருடம் ஆடாமல் உட்கார்ந்தார். 2018-ல் தடுப்புப் பயிற்சியாளர் பிரென்ட் வெனபிள்ஸ் அவரைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, பாதி லைன்பேக்கர் பாதி நிக்கல் என்ற இடத்தில் நிறுத்தினார். அந்த சீசனில் அணியிலேயே அதிக டாக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்தியது, அவருடையது, கிளெம்சன் இறுதி ஆட்டத்தில் அலபாமாவை 44-16 என்று நொறுக்கித் தேசியப் பட்டம் வென்றது. 2019-ல் இன்னும் மேலே போனார். எட்ஜ், லைன்பேக்கர், ஸ்லாட், ஆழமான சேஃப்டி என நான்கு இடங்களில், ஒவ்வொன்றிலும் நூறு ஸ்னாப்புக்கு மேல் நின்றார். அதாவது அத்தனை முறை பந்து ஆட்டத்துக்கு வந்தபோது அவர் அந்த இடத்தில் இருந்தார். போதாததற்கு எப்போதாவது வெளி ஓரத்தில் கார்னர்பேக்காகவும். நூறு டாக்கிளைத் தாண்டினார், எதிரணியின் பாஸை மூன்று முறை நடுவில் பறித்தார், அதாவது மூன்று இன்டர்செப்ஷன். நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அவருக்குத்தான். அந்த டிசம்பரில் ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியெஸ்டா பவுல் அரையிறுதியில், லைன்பேக்கர் விருது வாங்கிய அதே ஆள் ஆழத்தில் சேஃப்டி இடத்திலிருந்து ஓடி ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் எறிந்த பந்தைப் பறித்தார். 6 அடி 4 அங்குல ஆள் அவ்வளவு தூரத்தை அவ்வளவு சீக்கிரம் கடப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

2020 பிப்ரவரியில் இண்டியானாபொலிஸ் சோதனை முகாமில் அந்த ஆசை வெறியாகவே மாறியது. 238 பவுண்டு எடையை வைத்துக்கொண்டு 40 கஜத்தை 4.39 விநாடியில் ஓடினார். அவரைவிட முப்பது நாற்பது பவுண்டு குறைவான கார்னர்பேக்குகள் ஓடும் நேரம் அது.

அந்த விளையாட்டு கல்லூரியில் எப்படி அமைந்தது என்பதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

களத்தின் அகலம் கல்லூரியிலும் என்.எஃப்.எல்லிலும் ஒன்றுதான், 160 அடி. மாறுவது உள்ளே இருக்கும் ஹாஷ் கோடுகள். முந்தைய ஸ்னாப் எந்தப் பக்கம் முடிந்தாலும் அடுத்த முறை பந்தை அந்தக் கோடுகளுக்கு உள்ளேதான் வைப்பார்கள். கல்லூரியில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் நடுவே 40 அடி. என்.எஃப்.எல்லில் 18 அடி 6 அங்குலம். இப்போது கணக்குப் போடுங்கள். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷ் கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி திறந்து கிடக்கும். என்.எஃப்.எல்லில் அதே நிலைமையில் ஒரு பக்கம் ஏறத்தாழ 71 அடி, மறுபக்கம் 89. அந்த 100 அடிப் பக்கத்தை மேய்க்க ஒரு நீளமான, வேகமான, ரிசீவரையும் பிடித்து ஓட்டத்தையும் மறிக்கும் ஆள் கல்லூரி அணிக்குத் தேவை, அவர் கூட்டத்துக்குள் நுழையாமல் வெட்டவெளியில் நின்று வேலை செய்வார். 2018-ல் வெனபிள்ஸ் சிம்மன்ஸை நிறுத்திய இடம் கிட்டத்தட்ட அதுதான். என்.எஃப்.எல்லில் பந்து பெரும்பாலும் நடுவில் கிடப்பதால் அப்படி ஒரு தனி மேய்ச்சல் நிலம் கிடையாது. அங்கே அந்த உடம்போடு வருபவரை ஒன்று நடுவில் லைன்பேக்கராக, 300 பவுண்டுக்காரர்கள் மோத வரும் இடத்தில் நிறுத்துவார்கள், இல்லை பின்னால் சேஃப்டியாக அனுப்புவார்கள்.

இரண்டாவது, யார் யோசிப்பது என்பது. எதிரணி அணிவகுத்து நின்றபிறகு, ஓரக்கோட்டிலிருந்து வெனபிள்ஸ் கையசைத்து, கத்தி, தன் ஆட்களை மாற்றி நிறுத்துவார், அதற்கு அவர் பேர்போனவர். வாரத்துக்கு வாரம் எதிரணியைப் பார்த்து "இந்த வாரம் உன் வேலை இது" என்று சிம்மன்ஸுக்குத் திட்டம் தைத்துக் கொடுத்தார். என்.எஃப்.எல்லில் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரரின் ஹெல்மெட்டில் ரேடியோ இருக்கும், பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட், அதுவும் அடுத்த ஸ்னாப்புக்குக் கொடுக்கும் நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது துண்டித்துவிடும். அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் ஆட்களை நகர்த்தினால் பார்த்துப் புரிந்துகொண்டு மாற வேண்டியது களத்தில் நிற்பவர்கள்தான், அதில் நடு லைன்பேக்கருக்குத்தான் சுமை அதிகம். இந்த வேலை பழக்கத்தில்தான் வரும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை நின்று, எதிரணி முன்வரிசையில் நிற்கும் கார்டின் முதல் அடி எந்தப் பக்கம் போகிறது, பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக்கின் தோள் எங்கே திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்து வர வேண்டியது. நான்கைந்து இடங்களில் பிரித்து ஆடியவருக்கு எந்த ஒரு இடத்திலும் அந்த எண்ணிக்கை சேர்ந்திருக்காது. ஒருநாள் தொடக்க ஆட்டக்காரராகவும் மறுநாள் ஏழாவதாகவும் இறக்கப்படும் பேட்ஸ்மேன் இரண்டிலும் ரன் எடுத்திருக்கலாம், ஆனால் புதுப் பந்தை வாரக்கணக்கில் சந்தித்த பழக்கம் அவருக்கு வந்திருக்காது, அது மாதிரிதான்.

சரி, அரிசோனா ஏன் எடுத்தது? காரணம் நல்ல காரணம்தான். 2019-ல் டைட் எண்ட்களை, அதாவது முன்வரிசை ஓரத்தில் நின்று மோதவும் பாஸ் வாங்கவும் செய்யும் பெரிய ஆட்களை, தடுப்பதில் லீகிலேயே மோசமான அணி அவர்கள். அவர்கள் பிரிவில் சான் ஃபிரான்சிஸ்கோவின் டைட் எண்ட் ஜார்ஜ் கிட்டில் வருடத்துக்கு இரண்டு முறை வந்து நிற்பார். உயரமும் வேகமும் உள்ள ஒருவரை அவர் மேல் ஏவிவிட வேண்டும், அதற்குச் சிம்மன்ஸைவிடப் பொருத்தமானவர் அந்த டிராஃப்ட்டில் இல்லை. அதை மட்டும் கொடுத்து ஆரம்பித்திருந்தால்!

ஆனால் அணிக்குள் போய்ப் பார்த்தால் அவருடைய கல்லூரி இடங்கள் எல்லாவற்றிலும் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். சேஃப்டியில் புடா பேக்கர், அவரை அசைக்க முடியாது. ஸ்லாட்டில் பைரன் மர்ஃபி. எட்ஜில் சாண்ட்லர் ஜோன்ஸ். நடு லைன்பேக்கர் இடத்தில் ஜோர்டன் ஹிக்ஸும் புதிதாக வந்த டெவாண்ட்ரே கேம்பலும். கடைசியில் சிம்மன்ஸை அந்த நடு லைன்பேக்கர் வரிசையிலேயே மூன்றாவதாகச் சேர்த்தார்கள். வெட்டவெளியில் ஓடிப் பழகியவரை, அதிகம் படிக்க வேண்டிய, நெரிசலான இடத்தில். அதுவும் எந்த வருடத்தில்? 2020-ல் முகாமுக்கு முந்தைய பயிற்சி கணினித் திரை வழியாக நடந்தது, சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்கள் அத்தனையும் ரத்து. புது இடத்தைப் பழக வந்த ஆளுக்கு ஒரு பயிற்சி ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

அவருடைய முதல் என்.எஃப்.எல். ஆட்டமே சான் ஃபிரான்சிஸ்கோவில், 2020 செப்டம்பர் 13. ஆட்டத்தின் முதல் கால் பகுதியிலேயே ரன்னிங் பேக் ரஹீம் மோஸ்டர்ட் பின்வரிசையிலிருந்து கிளம்பி நடுவில் பாஸை வாங்கினார், அவரைப் பிடிக்க வேண்டியவர் சிம்மன்ஸ். ஒரு கணம் தவறான பக்கம் சாய்ந்தார், அவ்வளவுதான், மோஸ்டர்ட் 76 கஜம் ஓடி, பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் போட்டார். 4.39-ல் ஓடுபவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஒரு காட்சியில் பிரச்சினை முழுதும் இருக்கிறது. காலில் வேகக் குறைவு இல்லை, கண்ணுக்குத்தான் எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. அரிசோனா அந்த ஆட்டத்தை 24-20 என்று வென்றதால் பெரிய ரகளை ஆகவில்லை, ஆனால் சிம்மன்ஸ் பெஞ்சுக்குப் போனார். எட்டாவது தேர்வு, அடுத்த பல வாரங்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் களத்தில் இறங்கினார்.

அக்டோபர் 25-ல் சியாட்டிலுக்கு எதிரான ஞாயிறு இரவு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. சில ஸ்னாப்புகள் மட்டுமே ஆடியிருந்த சிம்மன்ஸ், ரஸல் வில்சன் எறிந்த பந்துக்குக் குறுக்கே கையை நீட்டிப் பறித்தார், அதை வைத்துதான் சேன் கன்சாலஸ் 48 கஜத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, அதாவது ஃபீல்ட் கோல் அடித்து, 37-34 என்று ஆட்டத்தை முடித்தார். வில்சன் அவரைக் கவனிக்கவே இல்லை. பாஸ் வரும் என்று தெரிந்த தருணம், கொடுத்தது ஒரே வேலை, அதைச் செய்தார். அரிசோனா அதிலிருந்து பாடம் எடுத்திருக்கலாம்.

எடுக்கவில்லை. 2021-ல் அவரை முழுநேர நடு லைன்பேக்கர் ஆக்கினார்கள். 105 டாக்கிள் எடுத்தார், நான்கு முறை எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார், கணக்கைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓட்டத்தின் திசையைப் படிப்பதில் அரை விநாடி தாமதம், கனத்த தடுப்பாளர் வந்து மோதினால் கழன்று வரத் திணறல். இவை அவருடைய குறைகள்தான், மறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது சீசனிலும் அவை போகவில்லை. 2022 தொடக்க ஆட்டத்தில் கான்சஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ் ஐந்து டச்டவுன் பாஸ் வீசி 44-21 என்று உரித்துவிட்டுப் போக, மறுவாரமே சிம்மன்ஸின் நேரத்தை ஒரேயடியாகக் குறைத்தார்கள். அந்த வாரம்தான், லாஸ் வேகாஸில் கூடுதல் நேரத்தில், ஹன்டர் ரென்ஃப்ரோ மேல் பாய்ந்து பந்தை உதிர்த்தார், பைரன் மர்ஃபி அதை எடுத்து 59 கஜம் ஓடி ஆட்டத்தை முடித்தார். அக்டோபரில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக ஓர் இன்டர்செப்ஷனை 56 கஜம் கொண்டுபோய் டச்டவுன் ஆக்கினார். குறிப்பிட்ட வேலை கொடுக்கும்போதெல்லாம் இப்படி ஒரு மின்னல் வரும். மறுவாரம் வேறு வேலை.

இதை நான் சிம்மன்ஸின் கதை என்று மட்டும் பார்க்காததற்குக் காரணம், இதே அணி இதே காரியத்தை அவருக்கு முன்னும் செய்தது, பின்னும் செய்தது. 2017-ல் முதல் சுற்றில் 13-வதாக ஹாசன் ரெட்டிக்கை எடுத்தார்கள். டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எட்ஜ் இடத்திலிருந்து பாய்ந்து பேர் வாங்கியவர். இவர்கள் நடு லைன்பேக்கர் ஆக்கினார்கள், மூன்று வருடம் தடுமாறினார், முதல் சுற்று வீரரை ஐந்தாம் வருடமும் வைத்துக்கொள்ள அணிக்கு இருக்கும் ஒப்பந்த உரிமையையும் வேண்டாம் என்றார்கள். 2020-ல் சாண்ட்லர் ஜோன்ஸ் காயம்பட்டு எட்ஜில் ஆள் தேவைப்பட்டபோது அவரைப் பழைய இடத்துக்கு அனுப்பினார்கள், அந்த சீசனில் 12.5 சாக் (பந்தை எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), அதில் ஐந்து ஜயன்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில். அப்புறம் அவர் வேறு அணிக்குப் போய்விட்டார், 2022-ல் ஃபிலடெல்ஃபியாவுக்காக 16 சாக். இது நடந்துகொண்டிருக்கும்போதே 2021 முதல் சுற்றில் சேவன் காலின்ஸ் என்ற இன்னொரு பல்திறன் ஆளை எடுத்து, அவரையும் நடு லைன்பேக்கர் ஆக்கினார்கள், 2023-ல் புது நிர்வாகம் வந்து அவரை எட்ஜுக்கு மாற்றியது. ஐந்து டிராஃப்ட்டுக்குள் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள், மூன்றுக்கும் ஒரே தப்பு. எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வரும். ஒரு விளையாட்டு வீரருக்கு இருபதுகளின் தொடக்கம் திரும்பி வராது.

அப்படியானால் பல இடத்தில் ஆடும் வீரரை எப்படித்தான் வளர்ப்பது என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் சேஃப்டி கைல் ஹாமில்டன், 2022-ல் 14-வதாக பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தவர். அவரும் 6 அடி 4 அங்குலம், அவரைப் பற்றியும் "எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்றுதான் பேச்சு. முகாமில் 4.59 ஓடியதால் வேகம் போதாது என்று தயங்கியவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்டத்திலேயே மயாமி கடைசிக் கால் பகுதியில் 21 புள்ளி பின்தங்கியிருந்து மீண்டு வந்து 42-38 என்று வென்றது. ஆழத்தில் தடுப்பு குழம்பிய அந்த ஆட்டத்தில் விமர்சனம் ஹாமில்டன் மேலும் விழுந்தது.

அதற்குப் பிறகு தடுப்புப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்டு செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஆழத்தில் மார்கஸ் வில்லியம்ஸும் சக் கிளார்க்கும் இருந்தார்கள், ஹாமில்டனுக்குப் பெரும்பாலும் ஸ்லாட் வேலை. அக்டோபரில் வில்லியம்ஸ் மணிக்கட்டு காயத்தோடு வெளியே போனபோது, முதல் சுற்றில் எடுத்த சேஃப்டியைத்தான் அங்கே தள்ளுவார்கள் என்று யாரும் நினைப்பார்கள். ஜீனோ ஸ்டோனை ஆழத்துக்கு அனுப்பிவிட்டு ஹாமில்டனை ஸ்லாட்டிலேயே தொடரவிட்டார்கள். அந்த ஒரு இடத்தை அவர் தன்னுடையதாக்கிக்கொண்டார். 2023-ல் கிளார்க்கை வேறு அணிக்கு அனுப்பி சேஃப்டி இடத்தைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவரை இஷ்டத்துக்கு நகர்த்த ஆரம்பித்தார்கள். இண்டியானாபொலிஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று சாக், நவம்பரில் கிளீவ்லாந்துக்கு எதிராக முன்வரிசைப் பக்கத்திலிருந்தே எகிறி டெஷான் வாட்சனின் பந்தைப் பிடித்து 18 கஜம் ஓடி டச்டவுன். அந்த வருடம் லீகின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-புரோ முதல் அணியில் பெயர்.

இரண்டு பேரின் முதல் வருடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அடி இருவருக்கும் சீக்கிரமே விழுந்தது, ஒருவருக்கு முதல் வாரம், இன்னொருவருக்கு இரண்டாம் வாரம். பால்டிமோர் வேலையைச் சுருக்கியது. அரிசோனா நேரத்தைச் சுருக்கியது, வேலை என்னவென்று கடைசி வரை சொல்லவில்லை. சிம்மன்ஸுக்கு 2020-ல் நான் கொடுத்திருப்பது ஒரே வேலை: பாஸ் வரும் சூழல்களில் டைட் எண்டோடு ஒட்டிக்கொள். எடுத்த காரணமே அதுதானே. அதில் ஒரு வருடம் ஊறியபிறகு பின்னாலிருந்து குவார்ட்டர்பேக் மேல் பாயும் பிளிட்ஸ், அப்புறம் மற்றது. கிளெம்சனிலேயே அவர் அப்படித்தான் வளர்ந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். 2017 முழுக்க சேஃப்டி, 2018-ல் ஓர் இடம் முன்னால், 2019-ல்தான் எல்லா இடமும். அந்தக் கடைசி வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு, முதல் நாளிலிருந்தே அதைத் தொடரலாம் என்று நினைத்தது தப்புக் கணக்கு.

2023-ல் ஜோனதன் கேனன் தலைமையில் புது பயிற்சியாளர் குழு வந்தது. சிம்மன்ஸின் ஐந்தாம் வருட உரிமையை வேண்டாம் என்றார்கள், அந்தக் கோடையில் அவரைத் திரும்ப சேஃப்டிக்கு மாற்றிப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, ஒரு முகாம் அளவு அவகாசத்தில். அந்த ஆகஸ்ட்டிலேயே ஜயன்ட்ஸுக்குப் போய்விட்டார்.

நியூயார்க்கில் அவருக்குச் சின்னப் பாத்திரம்தான், ஆனால் தெளிவான பாத்திரம். நவம்பர் 19-ல் வாஷிங்டனுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் சாம் ஹவலின் பந்தைப் பறித்து 54 கஜம் ஓடி 31-19 என்று முடித்தார். 2024 அக்டோபரில் சியாட்டிலில், எதிரணி ஃபீல்ட் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்ய இருந்த நேரத்தில் முன்வரிசையைத் தாண்டிக் குதித்து உதையைத் தடுத்தார், பிரைஸ் ஃபோர்ட்-வீட்டன் பந்தை எடுத்துக்கொண்டு 60 கஜம் ஓடினார். அந்தக் குதியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், ஆள் மேல் படாமல், சரியான கணத்தில், இரண்டு பேருக்கு நடுவே. 2020-ல் எல்லோரும் ஆசைப்பட்ட உடம்பு அப்படியேதான் இருந்தது.

2025-ல் கிரீன் பே ஒப்பந்தம் செய்து, சீசன் தொடங்கும் முன் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் ஆட்குறைப்பில் அவரை விடுவித்தது. அதே வாரம் பால்டிமோர் ஹாமில்டனோடு நான்கு வருடத்துக்கு 10 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் போட்டது, அதுவரை எந்த சேஃப்டிக்கும் கொடுக்காத தொகை. 40 கஜத்தில் சிம்மன்ஸைவிட 0.20 விநாடி மெதுவாக ஓடியவருக்கு.